சங்கமா, கம்பெனியா, குழுவா: சேர்வராயன் மலை உழவர்கள் முன்னுள்ள தேர்வு

சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் பழங்குடிக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, தங்கள் தானியத்தைத் தாங்களே உமி நீக்கி, பொட்டலம் கட்டி, தங்கள் பெயரிலேயே சேலத்திலும் சென்னையிலும் விற்பது என்று தீர்மானித்தால், அடுத்த வாரமே ஒரு கேள்வி அவர்கள் முன்னால் வந்து நிற்கும். இதை எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்வது? கூட்டுறவுச் சங்கமாகவா, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவா, மகளிர் குழுக்களின் கூட்டமைப்பாகவா, அறக்கட்டளையாகவா, அல்லது எதையும் பதியாமல் சேலத்து வியாபாரி ஒருவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதா? நடைமுறையில் இந்தக் கேள்விக்கு உழவர்கள் விடை சொல்வதில்லை. அந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் மானியம் இருக்கிறதோ, உதவிக்கு வந்த தொண்டு நிறுவனத்துக்கு எந்தப் படிவம் பழக்கமோ, அதுவே விடையாகிவிடுகிறது. சேலத்தில் சிறுதானியம் வாங்கி விற்கும் சிறு கடை ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தியவன் நான். வாங்குபவன் பக்கத்திலிருந்து இந்த ஐந்து வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஏற்காட்டை 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் ஏரியாகவும் படகுத்துறையாகவும் மட்டும் அறிந்தவர்களுக்கு, அதற்கு அப்பால் நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் என்று விரியும் மலைக்கிராமங்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் என்பது தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய பிரிவு இவர்களே. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடி மக்கள் 7,94,697 பேரில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயனில் தங்கினார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. (பெயரைக் கேட்டதும் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளும் வெளியூர் வாடிக்கையாளர்களுக்குப் பல முறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். பொட்டலத்தின்மேல் என்ன பெயர் அச்சிடுவது என்பதே இங்கு யோசிக்க வேண்டிய விஷயம்.) 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த மலையின் வரலாறு தோட்டக்காரர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. காபி வாரியம் தனி அடையாளம் கொடுத்திருக்கும் பகுதிகளில் சேர்வராயனும் ஒன்று. காபிக்கு முன்பிருந்தே மலையில் இருந்த சாமைக்கு அப்படி எதுவும் இல்லை. கேழ்வரகுக்காவது மத்திய அரசு 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்தது; சாமையும் தினையும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் காட்டைப் பார்க்க வேண்டும். ஏர் போகும் உழவுக்காடு ஒரு வகை; ஏர் போகாத சரிவில் மண்ணைக் கொத்தி விதைக்கும் கொத்துக்காடு இன்னொரு வகை. இரண்டிலும் சாமை தனியாக விதைக்கப்படுவதைவிடத் துவரை, அவரை, கடுகு போன்றவற்றோடு கலந்து விதைக்கப்படுவதே பழைய வழக்கம். பயறு வகைகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. சாமையை அறுத்த பிறகும் துவரை நின்று, ஐப்பசி மழையில் சரிவு மண் கரையாமல் காக்கிறது. குறுக்கே போட்ட கல் வரப்பு மிச்சத்தைத் தடுக்கிறது. அதே குடும்பத்தின் காபிக்காட்டில் நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, ஓரத்தில் பலா, பட்டர் ஃப்ரூட். மண்ணை மீட்கும் வேளாண்மை என்று இப்போது கருத்தரங்குகளில் பேசப்படுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இந்தக் காட்டுக்குச் சந்தையில் ஒரு குறை உண்டு: இது எதையும் லாரிக் கணக்கில் தராது. சாமை இரண்டு மூட்டை, துவரை அரை மூட்டை, அவரை கால் மூட்டை, மிளகு பத்துக் கிலோ என்றுதான் வரும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் அதை எடுத்துக்கொண்டு போய் நின்றால் பேரம் பேசக்கூட ஆள் இருக்காது.

கொல்லிமலையில் சாமையின் இடத்தை மரவள்ளி பிடித்ததற்குக் காரணமும் இதுவே. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளியை எத்தனை வண்டி வந்தாலும், மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்து, எடை போட்டு எடுத்துக்கொண்டன. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அந்த ஆலைகளுக்குச் சந்தையைக் கட்டிக் கொடுத்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பயிருக்கு நிச்சயமான கொள்முதல், மற்ற பத்துப் பயிருக்கு ஒன்றுமில்லை என்றால் எந்த உழவரும் ஒரு பயிருக்குத்தான் போவார். அவருக்கு மண்மீது அக்கறை இல்லை என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே நாட்டுத் தானியத்தை விற்பதற்காக மலையில் அமையும் எந்த அமைப்பும், பல பொருளைச் சிறு அளவில் வாங்கத் தயாராக இருக்கிறதா என்பதே என் முதல் அளவுகோல். எடை போட்ட அன்றே பணம் கொடுக்குமா என்பது இரண்டாவது. விலையையும் விதையையும் பெயரையும் பற்றி 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பது மூன்றாவது.

இரண்டாவது அளவுகோலைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். நான் கடை நடத்திய தொடக்க ஆண்டுகளில், மலையிலிருந்து சாமை தந்த ஒரு குழுவுக்கு ஒரு பருவத்தில் ஒரு மாதம் தாமதமாகப் பணம் கொடுத்தேன். யாரும் சண்டை போடவில்லை. அடுத்த ஆண்டு சாமை வரவில்லை, அவ்வளவுதான். குறைந்த விலைக்கு வாங்கினாலும் களத்திலேயே நோட்டை எண்ணிக் கொடுத்த ஒருவரிடம் அது போய்விட்டது. ஆடி, ஆவணியில் வீட்டில் தானியமும் இல்லாமல் காசும் இல்லாமல் இருக்கும் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்தவர்தான் புரட்டாசியில் விளைச்சலின் எசமானர். இதை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தத் தொழில் திட்டமும் முதல் அறுவடையிலேயே உடைந்துவிடும்.

இனி வழிகளைப் பார்க்கலாம். மலையில் எல்லோரும் அறிந்த முதல் வழி லேம்ப் சொசைட்டி. 1971-இல் அமைந்த பாவா குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்த இந்தப் பழங்குடியினர் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், கடன், ரேஷன், விளைபொருள் விற்பனை ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் தர வேண்டும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டவை. இன்றும் பயிர்க்கடன், நகைக்கடன் என்று வரும்போது இவற்றுக்கு மாற்று இல்லை. தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்பது சிறு சலுகை அல்ல. பணம் என்ற அளவுகோலில் லேம்ப் சொசைட்டிக்கு நல்ல மதிப்பெண் போடலாம். ஆனால் விற்பனை என்ற மூன்றாவது வேலையைக் கடனும் ரேஷனும் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. கடனுக்குக்கூடப் பட்டாவோ அடங்கலோ கேட்பார்கள். மலையில் தலைமுறை தலைமுறையாக உழுதும் பட்டா இல்லாத குடும்பங்கள் உண்டு.

அதிகாரம் என்ற அளவுகோலில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பதிவாளருக்குத் தரும் அதிகாரம் பெரிது. நிர்வாகக் குழுவைக் கலைக்கலாம், தனி அலுவலரை அமர்த்தலாம். 2013-இலும் 2018-இலும் சங்கத் தேர்தல்கள் நடந்தன. தேர்தல் நடக்காத காலங்களில் கையெழுத்து அலுவலருடையது. அந்த அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம்; ஆனால் அவர் மாற்றலாகிப் போகிறவர், சாமையின் விலை அவருடைய வீட்டு அடுப்பைத் தொடாது. ஆந்திரத்தில் 1995-இல் அரசின் கை குறுக்கிடாத பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 1997-இல் அதே நோக்கோடு சௌஹார்த சட்டம் வந்தது. அரக்குப் பள்ளத்தாக்கின் பழங்குடிக் காபி உழவர்கள் ஆந்திரத்தின் அந்தப் புதிய வகைச் சங்கமாகத்தான் திரண்டார்கள். 2017-இல் அரக்கு காபிக்குப் பாரிஸில் தனிக் கடை திறக்கப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால், அரக்கைப் பார்த்துவிட்டு வந்து "நாமும் சங்கமாகப் பதியலாம்" என்று சொல்பவர்கள் வேறொரு சட்டத்தின் பலனை இந்தச் சட்டத்தில் எதிர்பார்க்கிறார்கள்.

இதற்கு எதிர்ச்சான்றாக இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்வார்கள். 1978-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் அந்தச் சங்கம் உண்மையிலேயே பெருமைக்குரியது. ஆனால் அது விற்பது ஒரே பொருள், பாம்பின் நஞ்சு. வாங்குபவர்கள் நச்சுமுறி மருந்து செய்யும் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். பத்து வகைத் தானியத்தை ஆயிரம் சமையலறைகளுக்கு விற்கும் வேலைக்கு அந்த உதாரணம் எவ்வளவு பொருந்தும் என்பது எனக்கு ஐயமே.

இரண்டாவது வழி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். ஒய்.கே. அலக் குழுவின் யோசனைப்படி 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனி அத்தியாயமாக இருக்கும் இந்த வடிவம், கூட்டுறவின் உயிரைக் கம்பெனியின் உடலில் வைக்கும் முயற்சி. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதியலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. பங்கை வெளியார் வாங்க முடியாது. இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர். வெளியிலிருந்து வல்லுநர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் குழுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அவர்களுக்குக் கிடையாது. மலைக்கு மிகவும் முக்கியமான ஒன்றைச் சட்டம் அதிகம் சத்தமில்லாமல் செய்திருக்கிறது: விளைபொருள் சார்ந்த எந்த வேலையைச் செய்பவரும் 'உற்பத்தியாளர்' என்கிறது. அதாவது உறுப்பினராகப் பட்டா வேண்டியதில்லை. கணவர் பெயரில் நிலம் இருக்கும் வீட்டில், களை எடுத்து, அறுத்து, புடைத்துச் சாமையைச் சாமையாக்கும் பெண் தன் பெயரிலேயே உறுப்பினராகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வடிவத்தின் பக்கம் என் மனம் சாய்கிறது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நீலகிரியில் 2013-இல் அமைந்த ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், தேன், சிறுதானியம், காபி, மிளகு என்று பல பொருளைக் கையாண்டு, நூற்றைம்பது கிராமங்களுக்குச் சற்றே குறைவான பரப்பில் 1,700 அளவில் உறுப்பினர்களைக் கொண்டு, 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. பல பொருள், சிறு அளவு என்ற என் முதல் அளவுகோலில் அது முழுமையாகத் தேறுகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே ஆடிட்டரிடம் ஓடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதற்குப் பின்னால் நின்ற கீஸ்டோன் அறக்கட்டளை வேலையைத் தொடங்கியது 1993-இல். நிறுவனம் பதிவானது இருபது ஆண்டுகள் கழித்து. அந்த இருபது ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கச் சட்டத்தில் வழியில்லை.

பணத்துக்கு வருவோம். கணக்குக்காக 120 குடும்பங்கள் சேர்ந்து, குடும்பத்துக்கு 2 குவிண்டால் சாமை தருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 டன். கிலோவுக்கு 40 ரூபாய் என்று போட்டால் களத்திலேயே கொடுக்க வேண்டியது 9,60,000 ரூபாய். ஆளுக்கு 1,000 ரூபாய் பங்குத்தொகை வசூலித்திருந்தால் கையில் இருப்பது 1,20,000. அதற்கு இணையாக மானியம் கிடைத்தாலும் 2,40,000. மீதி 7,20,000 ரூபாயை அறுவடைக்கு முன்பே யார் கொடுப்பார்? முதல் ஆண்டு நிறுவனத்துக்கு வங்கி மேலாளர் அடமானம் கேட்பார். இதற்குமேல், உமி நீக்கினால் நூறு கிலோவுக்கு அறுபது கிலோ அரிசி தேறும் என்று கொண்டால், 14,400 கிலோ அரிசியின் அடக்கவிலை எந்திரக் கூலி, வண்டி வாடகை, பொட்டலச் செலவு எதுவும் சேராமலே கிலோவுக்கு 67 ரூபாயை நெருங்குகிறது. அதை விற்றுப் பணமாக்க எட்டு மாதமாவது ஆகும். அந்த எட்டு மாதமும் 9,60,000 ரூபாய் மூட்டைகளாகக் கிடங்கில் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்தவரை, புதிய உற்பத்தியாளர் நிறுவனங்கள் படுத்துப்போவது ஊழலால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தது. சமவெளியில் 300 உறுப்பினர்கள் வேண்டும் என்றால் மலைப்பகுதியில் 100 பேர் போதும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் வரை, உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை இணைப் பங்கு மானியம், 2 கோடி வரையிலான கடனுக்கு உத்தரவாதம் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் 10,000 என்ற இலக்கு 2025 பிப்ரவரியில் எட்டப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். இனிமேல் பதிபவர்கள் அந்த மானியம் கிடைக்கும் என்று நம்பி வரவுசெலவு போடக் கூடாது. கிடைத்தவர்களிடமும் ஒரு பழக்கத்தைக் கண்டேன். நிர்வாக மானியம் இருக்கும் மூன்று ஆண்டுகள் தலைமை அலுவலர் இருப்பார், கணக்காளர் இருப்பார், கணினி இருக்கும். நான்காம் ஆண்டு மூன்றும் இருக்காது. கம்பெனி மட்டும் இருக்கும். ஆண்டறிக்கைப் படிவம் தாக்கல் செய்யத் தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பாட்டிக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டத்தில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. விலையின் ஒரு பகுதியை இயக்குநர் குழு நிறுத்திவைத்து, பிறகு பணமாகவோ பங்காகவோ தரலாம். பால் பண்ணையாளர்களுக்கு இது சேமிப்பு. கொத்துக்காட்டுக் குடும்பத்துக்கு இது தாமதம். தாமதம் என்றால் மீண்டும் பழைய முன்பணக்காரரின் வாசல்.

மூன்றாவது வழி மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, அல்லது அதன்மேல் கட்டப்படும் வன் தன் மையம். மத்திய அரசு பழங்குடிகளுக்காக 2018 ஏப்ரலில் தொடங்கிய வன் தன் திட்டத்தில் இருபது பேர் கொண்ட பதினைந்து குழுக்கள், ஆக 300 பேர், ஒரு மையம். மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை. தேன், கடுக்காய், புளி, சீயக்காய் போன்ற வனப்பொருளை மனத்தில் வைத்து வரையப்பட்ட திட்டம் இது. வன உரிமைச் சட்டம் 2006 சிறு வனப்பொருள்மீது பழங்குடிகளின் உரிமையை ஒப்புக்கொண்டது; ஆனால் தமிழ்நாட்டில் 2008-இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டம் வழங்குவது தடைப்பட்டு, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வேகம் பிடித்தது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாக ஏற்பாடு தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பகுதியும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே மற்ற மாநிலங்களின் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு இருக்கும் கூடுதல் அதிகாரத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. மலையில் எடுப்பது முக்கியமாகத் தேனும் வனப்பொருளும் என்றால் வன் தன் மையமே போதும் என்று தயங்காமல் சொல்வேன். சாமைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் திட்டத்தை விட்டுவிட்டுக் குழுவை மட்டும் பார்த்தால் அதற்கு ஒரு தனிப் பலம் உண்டு. வாரம் தவறாமல் சேமித்து, கடன் கொடுத்து, வசூலித்துப் பழகியவர்கள் அதில் இருக்கிறார்கள். வங்கிக்கு அவர்களைத் தெரியும். சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்கும் வேலையின் கடுமை அவர்கள் கையில் காய்ப்பாகவே இருக்கிறது, கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தை மீட்கும் வேலையில் உமி நீக்கும் எந்திரத்தைக் கிராமத்துக்கே கொண்டுவந்து பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தது இதனால்தான். சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று அங்கே வழங்கும் ரகங்கள் இன்னும் பேச்சில் இருப்பதற்கு அந்த எந்திரமும் ஒரு காரணம். இயற்கைச் சான்றுக்கும் குழு வசதியானது. பங்கேற்பு உத்தரவாத முறையில் ஐந்து உழவர்கள் சேர்ந்து ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாம் தரப்பு ஆய்வாளருக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. குறை என்னவென்றால், குழுக் கூட்டமைப்பு பெரிய கடன் வாங்கவோ, சென்னை அங்காடி ஒன்றோடு ஒப்பந்தம் போடவோ, நஷ்டம் வந்தால் அதற்கு ஓர் எல்லை வைக்கவோ முடியாது. கூட்டமைப்புத் தலைவியின் கையெழுத்தே உத்தரவாதம்; நஷ்டம் வந்தால் அது அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

அறக்கட்டளை நான்காவது வழி. இதைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை, ஒரு கதையைத் தவிர. அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிப் பழங்குடிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. அதைப் பெற 1997-இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. உலகம் முழுக்க இது முன்மாதிரி என்று பேசப்பட்டது. ஆனால் உரிமம் யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்கு என்பதெல்லாம் முடிந்த பிறகே அறக்கட்டளை பிறந்தது என்பதை ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும். வரும் பணத்தைப் பங்கிட அறக்கட்டளை நல்ல பாத்திரம். பணம் எப்படி வர வேண்டும் என்று தீர்மானிக்க அது ஏற்றதல்ல. லாபத்தைப் பங்கிடாத எட்டாம் பிரிவு நிறுவனத்துக்கும் இதையே சொல்லலாம்.

ஐந்தாவது வழி, எதையும் பதியாமல் வியாபாரியோடு அல்லது பெரிய தோட்டத்தோடு ஒப்பந்தம். அன்றன்றைக்குப் பணம் வரும். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் எழுத்து வடிவில் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் பெயர் யாருடையது? ஆஸ்திரேலியாவின் பழங்குடிகள் காலங்காலமாகத் தின்ற மக்கடேமியாக் கொட்டையை வணிகப் பயிராக வளர்த்து உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது ஹவாய்த் தோட்டங்கள். அந்தப் பழங்குடிகளுக்கு அதில் பங்கில்லை. அதே தவறு திரும்பக் கூடாது என்றுதான் இன்று விக்டோரியா மாநிலத்தில் ப்ளாக் டக் ஃபுட்ஸ் போன்ற பழங்குடி நிறுவனங்கள் கங்காரு புல்லின் விதையைத் தாங்களே விளைவித்து மாவாக்குகின்றன. அங்கே சப்ளை நேஷன் என்ற அமைப்பு ஒரு நிறுவனத்தைப் பழங்குடி நிறுவனம் என்று முழுச் சான்றளிக்க, குறைந்தது 51 சதவீத உரிமை பழங்குடிகளிடம் இருக்க வேண்டும் என்கிறது. சேலத்துக் கடைகளில் மலையின் படமும் குடிசையின் படமும் போட்ட பொட்டலங்களைப் பார்க்கும்போதெல்லாம், அதன் பின்பக்கத்தில் அச்சிட்ட முகவரியைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். முகவரி மலையில் இருந்ததாக நினைவில்லை.

என் தேர்வு உற்பத்தியாளர் நிறுவனம். ஆனால் இப்போதே அல்ல, இரண்டு அறுவடை கழித்து. முதல் இரண்டு பருவமும் மூன்று நான்கு மகளிர் குழுக்களே ஓர் எந்திரத்தை வைத்து நடத்த வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவைக் குழுவின் பெயரில் எடுத்துக்கொண்டு, பங்கேற்புச் சான்றை வாங்கிக்கொண்டு, சேலத்தில் நான்கைந்து கடைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் எத்தனை மூட்டை வாங்க முடிந்தது, எத்தனை நாளில் பணம் திரும்பியது என்று ஒரு நோட்டு சேரும். மூன்றாம் ஆண்டு வங்கிக்குப் போகும்போது அந்த நோட்டுதான் அடமானம். விற்பனைக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதையும் அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். நீலகிரியில்கூட கடை நடத்துவதை லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற தனி நிறுவனத்திடம் விட்டிருக்கிறார்கள். பதிவான பிறகும் லேம்ப் சொசைட்டி உறுப்பினர் அட்டையை யாரும் கைவிட வேண்டாம். பயிர்க்கடன் அங்கே, விற்பனை இங்கே. இரண்டிலும் இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

பதியும்போது நிறுவன விதிகளில் நான்கு பத்திகளை ஆடிட்டர் மாதிரிப் படிவத்திலிருந்து நகலெடுக்க விடாமல், ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டி எழுத வேண்டும். மலையில் குடியிருந்து பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பத்தாரே உறுப்பினர் என்பது ஒன்று. அதற்குச் சாதிச் சான்றிதழ் ஒன்றையே அளவாக வைக்கக் கூடாது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையின் மலையாளிகளுக்குப் பழங்குடி அங்கீகாரம் இல்லாததால், அங்கிருந்து மணம் முடித்து வந்த பெண்கள் வெளியே நிற்க நேரும். முதல் மூன்று ஆண்டுகள் விலையில் எந்தப் பகுதியையும் நிறுத்திவைப்பதில்லை என்பது இரண்டாவது. வல்லுநர் இயக்குநர் எவருக்கும் வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் இல்லை என்பது மூன்றாவது. விதை நிறுவனத்தின் சொத்து அல்ல என்பது நான்காவது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001 ரகத்தை உழவர் சமூகத்தின் பெயரிலேயே பதிய இடம் தருகிறது, அதை ஊரின் பெயரில் செய்துகொள்ளலாம். நாளைக்கு நிறுவனம் கடனில் மூழ்கினாலும் சாமை விதையை யாரும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது.

கொள்முதல் பட்டியலில் சாமைக்குக் கீழே துவரையும் அவரையும் கடுகும் இருக்க வேண்டும். ஐந்து கிலோ கொண்டுவந்தாலும் எடை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் முதல் இரண்டு ஆண்டு நஷ்டம் வரும்; அந்த நஷ்டத்துக்கு மட்டும் வெளியார் மானியம் கேட்பதில் தவறில்லை.

எந்திரத்தை எந்த ஊரில் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் வெளியிலிருந்து நான் விடை சொல்ல முடியாது. மின்சாரம் தடையில்லாமல் வரும் ஊர் ஒன்று, குப்பனூர்ப் பாதைக்குப் பக்கமான ஊர் இன்னொன்று, அதிகம் சாமை விளையும் ஊர் மூன்றாவதாக இருக்கும். மலைப்பகுதியில் புதுக் கட்டடம் என்றால் அனுமதிக்கே பல மாதம் ஆகும். ஆகவே ஏற்கெனவே நிற்கும் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அதை ஊர்த்தலைவர்களான ஊர்க்கவுண்டர்களும் குழுத் தலைவிகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்தால் இந்தப் புரட்டாசிச் சாமைக்கே எந்திரம் ஓடும்.